செகண்ட் பஸ்தியான்

சிலாபத்தில் பஸ்தியான் என்று மட்டும் சொன்னால் பப்பாவை யாருக்கும் தெரியாது. செகண்ட் பஸ்தியான் என்றால் தெரியும். ஒரு பைலா இசைக்குழுவில் பதினொரு வருடம் அவர் இரண்டாம் குரல். நிக்கொலஸ் மாமா மெட்டைப் பாடுவார். பப்பா அதற்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டு போவார். கலியாண வீடுகளில் ஆட்கள் மாமாவைப் பார்த்துத்தான் ஆடினார்கள்.

1996இல் மாமா இத்தாலிக்குப் போனார். குழு கலைந்தது. பப்பா தனியாக ஒரு கசற் வெளியிட்டார். எட்டுப் பாட்டு, எட்டிலும் ஒரே பிழை. முதல் வரி மெட்டில் இருக்கும். இரண்டாம் வரியில் தன்னை அறியாமலே கீழே இறங்கி, பக்கத்தில் இல்லாத ஒருவருக்குத் துணைக்குரல் கொடுத்திருப்பார். கேட்டவர்கள், பாட்டுக்காரன் எங்கே என்றார்கள். 2011இல் ஒரு சீடி. அதே பிழை.

மாமா தொலைபேசியில் சிரித்தார். “டேய், உன்னத் தனிய விட்டா செபமாலையிலயும் ரெண்டாம் பாதியத்தான் சொல்லுவாய்.”

உண்மைதான். வீட்டில் ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அம்மா சொல்வார். பப்பா பதில் சொல்வார், அதையும் ஒரு சுருதி கீழே. அம்மா இறந்தபின் முதல் பாதி எனக்கு வந்தது.

சீடிக்குப் பிறகு அவர் மீன் லொறி ஓட்டினார். கோயில் திருநாட்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளராக நின்றார். சென்ற வருடம் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். நாள் குறித்தார்கள். இடையில் ஒன்பது நாள்.

“மகள், ஒரு பாட்டு. முழுசா, தனிய. எடுத்துத் தருவியே?”

நான் ஒலிப்பதிவு படித்தவள். அறைச் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்து ஒரு மைக்கை வைத்தேன். கசற்றின் முதல் பாட்டு. முதல் நாள் ஆறு தடவை பாடினார்; ஆறு தடவையும் இரண்டாம் வரியில் இறங்கினார். ஹெட்செற்றில் மெட்டைக் கொடுத்தேன். அதற்குச் செகண்ட் பாடினார். மெட்டை நிறுத்தினேன். நினைவிலிருந்த மாமாவுக்குச் செகண்ட் பாடினார்.

ஐந்தாம் நாள் இருமலில் இரத்தம் வந்தது. எட்டாம் நாள் இரண்டு வரிக்குமேல் மூச்சு இல்லை.

“இன்னொருக்கா, பப்பா.”

“ஏலாது. நீ முன்னால பாடு.”

“எனக்குப் பாட வராதே.”

“தெரியும். ஆடு கத்தினாலும் நான் செகண்ட் போடுவன். பாடு.”

பாடினேன். அவர் சேர்ந்தார். நான்கு நிமிடம் பன்னிரண்டு செக்கன். மூச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஓரிடத்திலும் தவறவில்லை. முடிந்ததும், “ம்... இது பாட்டு,” என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார்.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள் பூசையில் அவர் கேட்டபடி அவருடைய குரலைத் தனியாகப் போட நினைத்தேன். ஆனால் இரண்டு குரலும் ஒரே மைக்கில், ஒரே தடத்தில் இருந்தன. அலுமாரிக்குள் இன்னும் இரண்டு மைக் இருந்தன. ஆளுக்கொரு மைக் என்பது முதலாம் வருடப் பாடம். அவருக்கு மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் அதை மறந்தேன்.

குரல் பிரிக்கும் மென்பொருள் நான்கை மாற்றி மாற்றிப் போட்டேன். என் குரலைக் குறைக்கும்போதெல்லாம் அவருடையதும் தேய்ந்தது. கடைசியில் மிஞ்சியது தண்ணீருக்குள் யாரோ முனகுவது போன்ற ஒரு சத்தம். பூசையில் எதையும் போடவில்லை.

பூசை முடிந்து வீட்டில் செபமாலை. இருபது பேர். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். எல்லோரும் ஒரே சுருதியில் பதில் சொன்னார்கள். அதற்குக் கீழே யாரும் இல்லை.

“சொல்லு பிள்ள, அடுத்தது,” என்றார் பக்கத்தில் முழங்காலில் இருந்த றோசமேரி மாமி.

வாயைத் திறந்தேன். இரண்டாம் பாதிதான் வந்தது.