சவுக்காரம் போட்ட மருந்து

என் மாமி என்னோடு கதைக்கமாட்டார். கோபம் ஒன்றுமில்லை. மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைப்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர். கல்முனைப் பக்கத்தில் இப்போது பலர் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள், மாமி விடவில்லை. கல்யாணம் முடித்து நான் அவர்களுடைய வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். "சாப்பிட வரச்சொல்லு" என்று குசினிக்குள்ளிருந்து கேட்கும். என் மனைவி வந்து அதையே என்னிடம் சொல்வாள். முதல் தரம் காது கேட்காதவன்போல் இருந்துவிட்டு, இரண்டாம் தரத்துக்கு எழும்புவேன்.

மாமா மௌத்தானது ஒரு சின்ன ஒபரேஷனுக்குப் பிறகு. ஒபரேஷன் நல்லபடி முடிந்தது, காயத்தில்தான் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டு நாங்கள் ஆறுதல்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. புருஷன் இறந்தால் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் மாமி இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைத் துடைத்தார். நாளுக்கு மூன்று தரம். மற்ற நேரம் படுத்துக்கிடந்து அழுதார். நிலம் துடைக்கக் கடையில் விற்கும் கிருமிநாசினி மருந்து போதாமல், கொழும்பிலிருந்து கெட்டி மருந்தைக் கேனில் எடுப்பித்து, தானே தண்ணீர் கலந்து போத்தலில் அடைத்தார். இத்தா முடிந்தபோது அது ஒரு தொழிலாகியிருந்தது. மல்லிகை வாசம், நிறைய நுரை. காரைதீவிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். அழுதுகொண்டே கிடந்த மனுசி மறுபடி சிரிக்கத் தொடங்கியது அந்தப் போத்தல்களால்தான். அதனால் எனக்கும் அவற்றின்மேல் பிரியம் இருந்தது.

பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி தன் வார்ட்டுகளைத் துடைக்க அந்த மருந்தை எடுக்கச் சம்மதித்தது. ஆய்வுகூட அறிக்கை மட்டும் வேண்டும் என்றார்கள். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் கிருமி பார்ப்பவன் நான் ஒருவன்தான். இது என் மாமியுடைய மருந்து என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, கிருமிக்குத் தெரியவா போகுது?" என்றார்.

வேலை பெரிய வித்தையில்லை. வளர்த்த கிருமியை மருந்தில் ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு மருந்தின் வீரியத்தை முறித்து, ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் பரப்பி, ஒரு நாள் சூட்டில் வைக்க வேண்டும். சாகாதது புள்ளி புள்ளியாக முளைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரிலும் இதையே செய்வோம்.

அடுத்த நாள் பார்த்தபோது தண்ணீர்த் தட்டும் மாமியின் தட்டும் ஒரே மாதிரி இருந்தன. என் கைப்பிழை என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன். மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் கிருமிகள் மாமியின் மருந்தில் வாசமாகக் குளித்துவிட்டு வந்திருந்தன.

"உம்மா மருந்துக்குள்ள வேற என்ன போடுறா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் குசினிக்குப் போய் வந்தாள். "சவுக்காரத் தூளாம். நுரை வராட்டி ஆக்கள் வாங்கமாட்டாங்களாம்."

அதுதான் விஷயம். இந்த வகை மருந்தும் சவுக்காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்து முடக்கிவிடும், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு மருமகன்மாரைப் போல. சவுக்காரம் போடாமல் கலந்து சோதித்தேன். தட்டு துப்புரவாக இருந்தது.

வார்ட்டுக்கென்று நிரப்பிய மருந்து சரிவராது என்று மாமிக்குச் சொல்லச் சொன்னேன். மனைவி குசினி வாசலில் நின்று, "உம்மா, கொஞ்சம் கிருமி மிச்சமாம்" என்றாள்.

"கொஞ்சமில்ல" என்றேன் ஹோலில் இருந்தபடி.

"கொஞ்சம் கூடவாம்" என்றாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவி என் பக்கத்தில் வந்து இருந்தாள். நிரப்பிய போத்தல்கள் சாமான் அறை முழுக்க அடுக்கியிருந்தன. "இஞ்ச பாருங்க, இந்த ஒரு தரம் நல்லம் எண்டு எழுதிக் குடுங்க. மறுகா சவுக்காரம் போடாமச் செய்வம். உம்மா திரும்பவும் அப்பிடிப் படுத்துட்டா என்னால தாங்க ஏலா" என்று சொல்லி அழுதாள். கொண்டுவந்திருந்த அறிக்கைப் படிவத்தை மேசையில் வைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: பேனையைத் திறக்கும்போது என்ன எழுதுவது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை.

குசினிச் சீலை விலகியது. மாமி வந்து மேசைக்கு முன்னால், என் முகத்துக்கு நேரே நின்றார். நான் பதறி எழும்பினேன். மனைவி வழக்கம்போல் எங்கள் நடுவில் வந்தாள். மாமி அவளைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

"உள்ளத எழுதுங்க மருமகன். அவரு கிடந்த வார்ட்டுக்கும் இப்பிடித்தான் ஆரோ நல்லம் எண்டு எழுதிக் குடுத்திருப்பான்."

ஒன்பது வருடத்தில் மாமி என்னோடு கதைத்த முதல் கதை அது. நான் இருந்து எழுதினேன். எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.