குழாய் வந்ததும் வாடிய குண்டுமல்லி

எங்கள் வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் வந்த அன்றுதான் வாசலோரக் குண்டுமல்லிச் செடி வாடத் தொடங்கியது. குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள். மாலைக்குள் இலைகள் தொங்கிப்போயின. மொட்டுகள் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல வெள்ளையாக நின்றன.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத் தோட்டங்களில் விடியற்காலையில் பூப்பறிப்பதுதான் அம்மாவின் வேலை. பறித்ததெல்லாம் தோட்டக்காரரின் தராசுக்குப் போய்விடும். தராசில் ஏறாமல் அவள் தலைக்கு வருவது இந்த ஒரு செடியின் பூதான்.

தெரு முழுக்கப் புதுத் தண்ணீர் வந்த சந்தோஷம். இத்தனை நாளும் பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றினோம். இப்போது போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம், "அய்யோ பாவம்" என்று நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். எதிர்வீட்டு அத்தை சாணியும் கரைத்து ஊற்றினார். செடி சேற்றில் நின்றது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை.

"மிச்சமிருக்கிற வேரு இத்தனை கிளைக்கும் தண்ணி ஏத்தாதும்மா. மேல பாதிய வெட்டணும். ஊத்துறத நிறுத்தணும்."

"மொட்டு நிக்கிற செடியவா? கவாத்து பண்ற மாசமா இது?" என்றாள் அம்மா.

அத்தை சிரித்தார். "ஏம் பாப்பா, காலேஜுல செடிய வெட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. "பட்டுப்போச்சுன்னா?" என்று என்னைக் கேட்டாள்.

"பொழச்சுக்கும்" என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை. அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

நான் வெட்டிய கிளைகளிலிருந்து அம்மா மொட்டுகளைக் கிள்ளித் தொடுத்தாள். தலையில் வைக்கவில்லை, சாமி படத்துக்குப் போட்டாள். பிறகு பழைய புடவை ஒன்றைச் செடிக்கு மேலே பந்தலாகக் கட்டினாள்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருக்கும், உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஒரு நாள் அத்தை சொம்போடு வந்ததை உள்ளிருந்து பார்த்தேன்.

"ஊத்தாதீங்க அண்ணி. மண்ணத் தொட்டுப் பாத்துக் காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா."

"உம்பொண்ணு என்ன டாக்டரா?"

"இந்தச் செடிக்கு டாக்டருதான்."

பெருமையில் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கூடவே பயமும் வந்தது. செடி பட்டுப்போனால் தெரு இனி அம்மாவைப் பார்த்தல்லவா சிரிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வழக்கம்போல் குனிந்து நகத்தை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா சும்மா கீறாத. வலிக்காதா அதுக்கு?"

புடவையை ஒதுக்கி அடித்தண்டைக் காட்டினாள். அரிசி அளவுக்கு ஒரு தளிர். காலையிலேயே பார்த்துவிட்டாளாம். நான் வரட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.