பூங்கா ஓரத் தெரு

வில்லியனூரை ஒட்டிய எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு மாந்தோப்பு இருந்தது. மரமும் காயும் ஆண்டைக்கு. நிழலும் காற்றும் எங்களுக்கு. அதை யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்தது. உலகச் சண்டைக் காலத்தில் கரி கிடைக்காமல் விறகுக்குக் கிராக்கி ஏறியதும் ஆண்டை தோப்பையே புதுச்சேரி ரொட்டிக்கடைக்கு விற்றுவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு நாங்கள் யார்?

பாதித் தோப்பு விழுந்ததுமே மேல்காற்று அனலாக வீசியது. என் மகளுக்கு அப்போது பல் முளைக்கும் வயது. தலையெல்லாம் வேனல் கட்டி. கீழே போட்டால் கட்டி அழுந்தும், தூக்கினால் உடம்பு கொதிக்கும். தூக்கமே இல்லாமல் அழுதாள், பாலையும் விட்டுவிட்டாள். ஆண்டையின் வண்டியில் விறகு ஏற்றிப்போகும் வேலை என் வீட்டுக்காரருக்கு. ஒருநாள் அதிலேயே குழந்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“குளிர்ச்சியான எடத்துல வச்சிக்கம்மா. தூங்கினா பொழச்சிக்கும்” என்றார் டாக்டர். எங்கே வைப்பேன்? அவர் வீட்டிலா?

அடுத்து விறகை இறக்க வேண்டிய ரொட்டிக்கடை, வெள்ளைக்காரர்களின் பெரிய பூங்காவைத் தாண்டி இருந்தது. வண்டி பூங்கா ஓரத் தெருவில் திரும்பியதும் வெயிலின் காந்தல் சட்டென்று அடங்கியது. என் தோளில் கிடந்தவள் அழுகையை நிறுத்தினாள். அப்படியே தூங்கிப்போனாள். பூங்காவுக்குள் எங்களை விட மாட்டார்கள். கம்பிவேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்த குளிர்ச்சியே அவளுக்குப் போதுமாயிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய் ஒருவன் வந்தான். “இன்னாடா, இங்க நிறுத்துற? தொரைங்க நடக்குற தெரு இது.”

“கொழந்த தூங்குதுங்க. இப்பதான் கண்ண மூடிச்சி” என்றார் என் வீட்டுக்காரர்.

“உன் வூட்டுல போயி தூங்க வைடா.”

முனை திரும்பியதும் விழித்துக்கொண்டாள். எங்கள் தோப்பை வெட்டி அவர்களுக்கு ரொட்டி சுடலாம். அவர்கள் பூங்காவில் ஒரு கிளையை ஒடிக்கக்கூடாது. பாழாய்ப் போக! அந்தத் தெரு வீடுகளின் ஜன்னலெல்லாம் பூங்காவைப் பார்த்துத் திறந்தே கிடந்தன.

நிற்கத்தானே கூடாது? மறுநாளிலிருந்து முந்தானையை நனைத்துக் குழந்தைக்குப் போர்த்திக்கொண்டு நானும் விறகின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அந்தத் தெருவில் அவர் மாட்டை மெல்ல நடத்துவார். தெரு முடியும்வரை தூங்குவாள். விழித்ததும் கொஞ்சம் பால் குடிப்பாள். அது போதும், பிழைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

ஒரு காலையில் கோடாலிச் சத்தம் கேட்டது. “இன்னும் எத்தினி மரம் இருக்குது?” என்று கேட்டேன்.

“மூணு. இன்னாத்துக்குக் கேக்குற?”

“மெதுவா வெட்டச் சொல்லேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டப் போனார். வெட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரம் விழுந்தால்தானே வண்டி போகும்? இன்னும் நாலு மரம் கூட இருந்திருக்கக்கூடாதா என்று சாமியை வேண்டினேன். வெட்டுவதற்கு.

கத்திரி வெயில் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அதற்கு முன்பே தோப்பு தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கடைசி நாள் பாதி பாரம்தான் இருந்தது. எவ்வளவு இழுத்துப் பிடித்தும் மாடுகள் அந்தத் தெருவைச் சீக்கிரம் கடந்துவிட்டன.