இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட சைக்கிள் பிரேம் பட்டறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கடையில் கிடைக்கும் வண்டி பொருந்தாதவர்கள்தான் எங்களைத் தேடி வருவார்கள்: ரொம்ப உயரமானவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், தண்ணீர் கேன் ஏற்ற நீளமான வண்டி கேட்பவர்கள். முதலாளியைத் தவிர நாங்கள் இரண்டே பேர். நான் படப்பைக்காரன். குழாயை வெட்டி, அரம் போட்டு, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருத்துவது என் வேலை. பித்தளையை உருக்கி அந்த இணைப்புகளைப் பற்றவைப்பவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். எனக்கு நல்ல சிநேகிதன்.

அவனுடைய அப்பா ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ரொட்டி விற்றவர். சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. அதற்குப் பிறகும் காலையில் எழுந்ததும் வண்டியைத் தடவித் தடவித் துடைப்பாராம், வேறு யாரையும் தொட விடமாட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு பேர் மிதிக்கிற மாதிரி ஒரே வண்டி. முன்னால் அவன், பின்னால் அப்பா. முதலாளியும் மீந்த குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தோம். அவ்வளவு நீளமான பிரேமைப் பிடித்து வைக்கும் சட்டம் பட்டறையில் இல்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் குழாய்களை வைத்துப் பற்றவைத்தோம். முதல் தடவை பின்பாதி கோணிக்கொண்டது. அறுத்துவிட்டு மறுபடி செய்தோம். கிறிஸ்துமஸுக்குப் பேண்ட் தைக்க என்று பொய் சொல்லி, அவனுடைய அம்மா, அப்பாவின் கால் உயரத்தை அளந்து போனில் சொன்னார்கள். எங்களுக்கு அதில் ஒரே சிரிப்பு.

பண்டிகை முடிந்ததும் அவர் வந்தார். செங்கல்பட்டில் மகன் போய் இறக்கிக்கொள்ள, லோக்கல் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அன்று ஞாயிறு. கம்பெனி ரோட்டில் ஓரமாக நின்ற கண்டெய்னர் லாரிகளைத் தவிர ஒன்றுமில்லை. வண்டியை நடு ரோட்டில் நிறுத்தி அவர் கையை அதன்மேல் வைத்தோம். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். "வேல சுத்தமா இருக்குலே" என்றார். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் கை முன் ஹேண்டில்பாரைப் பிடித்தது. காலைத் தூக்கி முன் சீட்டில் ஏறப் போனார்.

"யப்பா, ஒங்க சீட்டு பின்னால இருக்கு" என்றான் அவன்.

தடவிக்கொண்டே பின்னால் வந்தார். அங்கிருந்த ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பவில்லை. சும்மா பிடித்துக்கொள்வதற்குத்தான் அது என்று அவன் விளக்கினான். அவர் கையை எடுத்துவிட்டார்.

நான் இடையில் புகுந்தேன். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கப்பா. ரோடு காலியா கீது."

"ரோடு காலியா இருக்குன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும் தம்பி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். வண்டியில் ஏறாமலே மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் நான் பட்டறைக்குள் நுழைந்தபோது அந்தப் பிரேம் துண்டு துண்டாகக் கிடந்தது. குழாய் வீணாகப் போக வேண்டாமென்று அவனே வெட்டிவிட்டானாம். தண்ணீர் கேன் வண்டி ஒன்றுக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து அப்பா அவனிடம் போனில் கேட்டார், அந்த வண்டி இருக்கிறதா என்று. இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னிடம் ஓடி வந்தான். இன்னொன்று செய்துவிடலாம் என்று மறுபடி தரையில் கோடு போட்டோம். அதற்குள் இடத்துக்காரர் குடோனுக்கு விடுவதாகச் சொல்லி எங்களைக் காலி செய்ய வைத்தார். பட்டறை மூடியது. முதலாளி வேறு தொழிலுக்குப் போனார். நாங்கள் இருவரும் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தோம், வேறு வேறு ஷிப்ட். அங்கே வெல்டிங் எல்லாம் மெஷின்தான் செய்கிறது. பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொள்ளும்போது வண்டியைப் பற்றிப் பேசுவோம். எங்கே வைத்துச் செய்வது, பற்றவைக்க யாரிடம் கேஸ் சிலிண்டர் கேட்பது என்று. OT அதிகமானதும் அந்தப் பேச்சும் குறைந்தது.

போன வருடம் அவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சர்ச் வாசலில் என் குரலைக் கேட்டே அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அன்னைக்கு ஒரு ரவுண்டு போயிருக்கலாம் தம்பி. பய ஆசையா செஞ்சது. எனக்கு ஊருல வந்து எறங்குன பொறவுதான் புத்தி வந்துச்சு. வண்டி பத்திரமா இருக்குல்லா?"

இருக்கிறது என்றேன். துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் ரயிலேற்ற வந்தவனிடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். என் பையை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் நடந்தான்.

"வெட்டாம இருந்திருக்கலாம் மாப்ள" என்றான்.