கடைச் சிரிப்பு

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறேன். விசைத்தறிச் சேலையைச் சின்னாளபட்டிக் கைத்தறி என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சிரிக்காவிட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு விழும்.

ஒருநாள் வீட்டில் மகள் தான் வரைந்த மாட்டுப் படத்தை நீட்டினாள். பார்க்காமலேயே, “சூப்பரா இருக்கு” என்று சிரித்தேன்.

“கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட பேசாதம்மா!” என்று கத்தினாள்.

உண்மையைச் சொன்னவளை அறைந்துவிட்டேன்.

மறுநாள் தாடிக்கொம்பிலிருந்து கடைக்கு வந்த ஒரு அம்மா, “நெசமாவே கைத்தறிதானா தாயி?” என்று கேட்டார்.

“இல்லம்மா, பவர்லூம்தான்” என்றேன்.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் எகிறினார். “பொய் சொல்லி விக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க” என்று நானும் எகிறினேன்.

கோபம் தணியாமலே வீடு வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தேன்.

“காலு கோணலா இருக்குடி” என்றேன்.

முறைத்தவள், ரப்பரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.