அம்மா சொன்ன 'ஓவர்'

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் எண்ணூரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் மெக்கானிக். ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் பாய்மரப் படகின் எஞ்சினை எங்களிடம் சரி பார்க்க விட்டிருந்தார்கள். பல நாட்டுப் பாய்மரப் படகுகள் மலேசியாவில் ஒன்றுகூடி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் ஒரு பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அதை 'ரேலி' என்பார்கள். போட்டி கிடையாது, ஒருவருக்கொருவர் துணை, அவ்வளவுதான். எஞ்சின் தெரிந்த மூன்றாவது ஆள் வேண்டும், வருகிறாயா என்று என்னைக் கேட்டார்கள். யோசிக்கக்கூட இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அம்மா மீன் விற்கிறவர். அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவர். அவர் கடலுக்குப் போகலாம், நான் போகக் கூடாதா என்று சண்டை போட்டு, சாப்பிடாமல் முரண்டு பிடித்து, ஒருவழியாக 'இன்னாவோ பண்ணித் தொலை' என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வந்தது வினை. படகில் ரேடியோவும் என் பொறுப்பு. பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் 'ஓவர்' சொல்ல வேண்டும், பேச்சே முடிந்துவிட்டால் 'அவுட்'. கேப்டனின் மனைவி இதில் ரொம்பக் கறார். வீட்டில் டிவி ரிமோட்டை வாயருகே வைத்துக்கொண்டு நான் 'அவுட், அவுட்' என்று பழகிக்கொண்டிருக்க, அடுப்பங்கரையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னாடி சொன்ன? கடலுக்குப் போற பொண்ணு வாயில அவுட்டுன்னு வருது? எதுர் வூட்டுக்காரரு செத்தப்போ ஆளு அவுட்டுன்னுதானே சொன்னானுங்கோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "யம்மா, பேச்சு முடிஞ்சிச்சுன்னுதான் அர்த்தம். ஆளு இல்ல."

"பேச்சு முடிஞ்சா இன்னா, ஆளு முடிஞ்சா இன்னா, எனக்கு அல்லாம் ஒண்ணுதான். நீ போவவே வாணாம்!"

'ஓவர்' என்றால் நான் பேசிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம், உன்னிடம் அதை மட்டும்தான் சொல்வேன் என்று கெஞ்சினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

எனக்கும் பிடிவாதம் குறைவில்லை. போவது போவதுதான் என்று உறுதியாக இருந்தேன். மாற்று ஃபில்டர்களைக் கட்டி வைத்தேன், எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், ரேடியோவில் பழகினேன். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் நெற்றியில் அம்மா திருநீறு வைத்து, 'போய்ட்டு வா' என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அது ஒருநாளும் தவறியதில்லை. எனக்கு அது கிடைக்காதோ என்று பயமாக இருந்தது.

கிடைக்கவில்லை. கிளம்பும் அன்று நான் எழுவதற்கு முன்பே அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போயிருந்தார். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் படகு துறைமுகச் சுவரைத் தாண்டும்போது ரேடியோவில் அண்ணன் குரல் கேட்டது. கரையோரம் கட்டியிருந்த அவர் படகிலிருந்து கூப்பிட்டார். அடுத்த நொடி அம்மா! பட்டனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. என்னால் ஒரு வார்த்தை குறுக்கே பேச முடியவில்லை.

"ராத்திரில ஓரமா நிக்காத. கயித்தப் புடிச்சிக்கோ. கருவாட்டையே துன்னுகினு கெடக்காத, சோறு ஆக்கித் துன்னு. கோவத்துல துண்ணூறு வெக்காம வுட்டுட்டேன், இங்கேந்தே வெச்சிட்டேன்னு நெனச்சிக்கோ. போய்ட்டு வா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நா பேசிட்டேன். இப்போ நீ பேசு. ஓவர்."

கண்ணீரோடு மைக்கை எடுத்து, "வந்துடுவேம்மா, ஓவர்" என்றேன். 'அவுட்' சொல்லவில்லை. கேப்டனின் மனைவி கேட்டும் கேட்காததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆப்பிரிக்கா வரை போய் நல்லபடியாகத் திரும்பினேன். என் தைரியத்தைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் பயம் துளியும் தீராமலே எனக்கு வழிவிட்ட அம்மாவுக்கு என்னைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.