எடுக்க மறந்த ரப்பர் துண்டு

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுவாரம், திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பியானோ வாசிப்பது என் தொழில். அதிலும் இப்போது வாழ்கிறவர்கள் எழுதும் புது இசையைத்தான் மேடைகளில் வாசிக்கிறேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மியூசிக் டீச்சர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அடுத்த கச்சேரிக்கு ஒரு புது உருப்படி. பியானோவின் மேல்மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகிக்கொண்டு வாசிக்க வேண்டும். சில கட்டைகள் மணி மாதிரி ஒலிக்கும், சில வெறுமனே 'டொக்' என்னும். கேட்பவர்களில் பாதிப் பேர் பியானோ ரிப்பேர் என்றே நினைப்பார்கள்.

வீட்டில் இருந்தது எலெக்ட்ரிக் கீபோர்டு. அதில் எங்கே செருகுவது? எங்கள் சர்ச்சில் மிஷன் காலத்துப் பியானோ ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் அதை வாசிக்கிற அக்காவுக்கு அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவர்தான் போதகரிடம் பேசிச் சாவி வாங்கித் தந்தார். "எல்லாத்தையும் மறக்காம எடுத்துடுவீங்க இல்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பத்து வருஷமா இதானே செஞ்சிகினு இருக்கேன் என்று சிரித்தேன்.

மூன்று நாள் சாதகம் செய்தேன். கடைசி நாள் திருகாணிகளை ஒழுங்காக எண்ணி டப்பாவில் போட்டேன். ரப்பர் துண்டுகளை எண்ணவில்லை. ரப்பர்தானே என்ற அலட்சியம்.

மறுநாள் விடியற்காலையில் அக்காவின் அப்பா இறந்துபோனார். மாலையில் அடக்க ஆராதனை. வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று போதகர் சொல்லியிருக்கிறார். நைனாவுக்கு நான்தான் வாசிப்பேன் என்று அக்கா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். பாட்டு வேண்டாம், வாசிப்பு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனையைத் தொடங்கினார். முதல் அடி முடிகிற இடத்தில் சுரம் வரவில்லை. 'டொக்' என்றது.

நான் எடுக்க மறந்த ரப்பர் துண்டு அந்தக் கம்பியிலேயே இருந்தது. அந்தக் கீர்த்தனையின் ஒவ்வொரு அடியும் அதே சுரத்தில்தான் வந்து நிற்கும். எழுந்து போய் மூடியைத் தூக்கி அதை எடுக்க அரை நிமிடம் போதும். அத்தனை பேர் முன்னால் என் தப்பு என்று தெரிந்துவிடுமே என்று நாலாவது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா நிறுத்தவில்லை. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அதைத் தன் வாயால் பாடினார். அழுகையில் குரல் உடைந்தது. சுருதி மட்டும் விலகவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ரப்பர் துண்டை அன்றைக்கே அவர் எடுத்து வைத்திருந்தார். திட்டவில்லை. டீ கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்.

"பரவால்லன்னு சொல்ல மனசு வரலீங்க. டொக்குன்னதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நீங்க எழுந்து வருவீங்கன்னு பாத்துகினேதான் வாசிச்சேன்."

இப்போதெல்லாம் எந்த ஊர் மேடையானாலும், மூடியைச் சாத்துவதற்கு முன் எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன். விளக்கை அணைக்கக் காத்திருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ரப்பரை மறந்ததற்கு இந்தப் பழக்கம் போதும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததற்கு என்ன செய்வது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.